மணிக்கட்டில் ஒரு கணினி: வாங்கலாமா, வேண்டாமா?

எங்கள் வீட்டு அலமாரியின் இழுப்பறையில் இரண்டு ஸ்மார்ட் கடிகாரங்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. வாங்கி மூன்றாண்டுகள்கூட நிறையவில்லை. ஒன்றின் பேட்டரி செயலிழந்துவிட்டது. மற்றொன்றின் சார்ஜ் செய்யும் கம்பி தொலைந்துபோயிற்று. அந்த மாதிரிக்குரிய கம்பி இப்போது நாங்கள் தேடிய எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அதே வீட்டில், எங்கள் அப்பாவின் இடக்கையில், அவர் 1974-ஆம் ஆண்டில் தம் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிய எச்.எம்.டி. ஜனதா கடிகாரம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம் எச்.எம்.டி. அதன் கடிகாரத் தொழிற்சாலைகள் மூடப்பட்டுவிட்டன. அப்பாவின் கடிகாரமோ, நாள்தோறும் காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலைவரை மணி காட்டுகிறது.

வேலைக்குச் சேர்ந்து ஓராண்டான எங்கள் மகள், கடந்த தீபாவளிக்கு முன் ஒரு நாள் எங்களிடம் வந்தாள். 24,000 ரூபாய் மதிப்புள்ள ஸ்மார்ட் கடிகாரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், பன்னிரண்டு மாதத் தவணையில் வட்டியின்றிக் கிடைப்பதாகவும் சொல்லி, வாங்கலாமா என்று கேட்டாள். சரி என்று உடனே சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கூடாது என்று மறுக்கவும் தெளிவான காரணம் இல்லை. இழுப்பறையில் கிடந்த இரண்டு கடிகாரங்களும் எங்களைத் தயங்க வைத்தன. அவற்றுள் ஒன்று, அதற்கு முந்தைய ஆண்டில் அப்பாவின் உயிரோடு தொடர்புகொண்ட ஒரு நிகழ்வையும் நினைவூட்டியது.

அன்று மாலை தாளும் பேனாவுமாக அமர்ந்து, இக்கருவி எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை, உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று வரிசையாக எழுதிப் பார்த்தோம். அந்தக் கணக்கையே இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கடிகாரத்தின் அடிப்புறத்தில் என்ன இருக்கிறது?

ஸ்மார்ட் கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் பச்சை நிற ஒளி மினுக்குவதைக் காணலாம். இரத்தம் பச்சை ஒளியை ஈர்த்துக்கொள்ளும் தன்மையுடையது. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் இரத்தம் சற்றே மிகுகிறது. திரும்பி வரும் ஒளி அப்போது சற்றே குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணியே கடிகாரம் நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கடிகாரங்களில் சிவப்பொளியும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியும் பயன்படுகின்றன.

அமைதியாக அமர்ந்திருக்கையில், பட்டை தோலோடு நன்கு பொருந்தியிருந்தால், தரமான கடிகாரம் நாடித்துடிப்பை ஓரளவு சரியாகவே காட்டும். பட்டை தளர்ந்தாலும், வியர்வை பெருகினாலும், கையை வேகமாக அசைத்தாலும் கணக்குத் தவறும். எங்கள் பழைய கடிகாரம் ஒன்றைச் சுருட்டிய துண்டின் மீது கட்டிப் பார்த்தோம். அந்தத் துண்டுக்கு நிமிடத்திற்கு 72 துடிப்புகள் இருப்பதாக அது காட்டியது! திரும்பி வரும் ஒளியில் ஏற்படும் எந்தச் சிறு மாற்றத்தையும் துடிப்பென்றே கொள்ளும் மலிவான கருவிகளில் இத்தகைய பிழை நேர்வதுண்டு.

நடையை எண்ணும் வேலை வேறொன்றினுடையது. கையின் அசைவை உணரும் முடுக்கமானி அதைச் செய்கிறது. அதனால்தான் குண்டும் குழியுமான சாலையில் இருசக்கர வாகனம் ஓட்டிச் சென்றாலும் சில நூறு அடிகள் கூடிவிடுகின்றன. தள்ளுவண்டியைப் பிடித்தபடி கடைக்குள் நடந்தால் பல அடிகள் கணக்கில் விடுபடுகின்றன. ஆயினும், அதே கடிகாரத்தை நாள்தோறும் அணிபவருக்கு, நேற்றைக் காட்டிலும் இன்று மிகுதியாக நடந்தோமா என்று அறிய இந்த எண்ணிக்கை போதுமானதே.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்னும் இலக்கு எங்கிருந்து வந்தது என்பதும் அறியத்தக்கது. 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிற்குப் பிறகு, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றின் பெயர் 'மான்போ-கேய்'. பத்தாயிரம் அடி மானி என்பது அதன் பொருள். விற்பனைக்காகச் சூட்டிய பெயரே பின்னாளில் உலகெங்கும் இலக்காயிற்று. 2022-இல் 'தி லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் வெளியான, 15 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை வேறோர் அளவைக் காட்டியது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 6,000 முதல் 8,000 அடிகள் வரையிலும், இளையவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடிகள் வரையிலும் பயன் கூடிச்சென்று, அதன்பின் பெரிதும் உயராமல் நின்றுவிடுகிறது. கடிகாரம் இலக்கை எட்டவில்லை என்று அதிர்ந்து எச்சரித்தால், முதியவர்கள் வருந்த வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை

அப்பாவுக்கு அப்போது வயது 71. பிறந்தநாள் பரிசாகப் பேத்தி வாங்கித் தந்த 2,500 ரூபாய்க் கடிகாரத்தை வலக்கையில் அணிந்து, நாள்தோறும் லால்பாக் பூங்காவில் நடந்துவருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கமான சுற்றில் பாதி முடிந்தபோது நெஞ்சில் ஓர் இறுக்கம் தோன்றியிருக்கிறது. ஒரு கல் இருக்கையில் அமர்ந்து, கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். நாடித்துடிப்பு 84. ஆக்சிஜன் 98 சதவீதம். இரண்டும் இயல்பான எண்கள். அவருக்கு நிம்மதியாயிற்று. சற்று இளைப்பாறிவிட்டு வீட்டிற்கு வந்து, சிற்றுண்டி வேண்டாம் என்று மட்டும் சொல்லிச் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டார். நாங்கள் விசாரித்தபோதும் கையை நீட்டிக் கடிகாரத்தையே காட்டினார். நாங்களும் அந்த எண்களைப் பார்த்து அமைதியடைந்தோம் என்பதை இன்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவ்வாறே கழிந்தது. பக்கத்து வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பால் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தார். அப்பாவின் நெற்றியில் வியர்வையைக் கண்டவர் இரண்டே கேள்விகள் கேட்டார்: இறுக்கம் கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, இதற்கு முன் எப்போதேனும் இவ்வாறு வந்ததுண்டா? மறுமொழியைக் கேட்டதும், கடிகாரத்தை ஏறெடுத்தும் பாராமல், உடனே 108-ஐ அழைக்கச் சொன்னார். மருத்துவமனையில் எடுத்த இசிஜி, இதயத்திற்குச் செல்லும் இரத்தக்குழாயில் அடைப்பு இருப்பதற்கான அறிகுறியைக் காட்டியது. அன்று மாலையே ஸ்டென்ட் பொருத்தினார்கள். அப்பா நலமடைந்தார்.

கடிகாரம் பொய் சொல்லிவிட்டதே என்று நாங்கள் மருத்துவரிடம் குறைபட்டுக்கொண்டோம். அவர் அதை ஏற்கவில்லை. அந்த எண்கள் சரியாகவே இருந்திருக்கலாம் என்றும், இதயத்தின் இரத்தக்குழாய் அடைபடும் வேளையிலும் நாடித்துடிப்பும் ஆக்சிஜனும் இயல்பாக இருக்கக்கூடும் என்றும் விளக்கினார். அடைப்பு இருக்கிறதா என்னும் கேள்விக்கு விடை சொல்லும் ஆற்றல் அந்தக் கருவிக்கு இல்லை. விடை சொல்லிவிட்டதாக எண்ணிக்கொண்டவர்கள் நாங்களே. இழந்த அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பை அவர் சொல்லாமலே நாங்கள் உணர்ந்தோம்.

எந்த அளவீட்டை எதுவரை நம்பலாம்?

விலையுயர்ந்த கடிகாரம் வாங்கியிருந்தால் இந்நிலை வந்திராதே என்று சிலர் கேட்கலாம். 2018-இல் ஆப்பிள் நிறுவனம் இசிஜி எடுக்கும் வசதியைத் தன் கடிகாரத்தில் அறிமுகப்படுத்தியது. வேறு சில நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இதயம் சீரற்றுத் துடிக்கும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்னும் நிலையின் அறிகுறியைக் கண்டறிவதற்கே அந்த வசதி உரியது. சிலருக்கு அது உண்மையாகவே உதவியும் இருக்கிறது. எனினும், மருத்துவமனையில் எடுப்பது இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களிலிருந்து பதிவுசெய்யும் இசிஜி. கடிகாரம் எடுப்பது ஒரே கோணத்திற்குரியது. தங்கள் கடிகாரத்தால் மாரடைப்பைக் கண்டறிய இயலாது என்று ஆப்பிள் நிறுவனமே தன் விளக்கக் குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறது.

இரத்த அழுத்தத்தைப் பற்றியும் இதுபோன்றே சொல்லலாம். இவ்வசதியைத் தரும் சாம்சங் நிறுவனம், கையில் பட்டை சுற்றி அளக்கும் வழக்கமான கருவியைக் கொண்டு நான்கு வாரங்களுக்கு ஒருமுறை கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று கூறுகிறது. அப்படியானால் அந்தக் கருவி வீட்டில் இருந்தே ஆக வேண்டும். இத்தகைய சரிசெய்தல் எதையும் கேட்காமல் விரலால் தொட்டவுடன் 120/80 என்று காட்டும் மலிவான கடிகாரங்களின் எண்ணை வைத்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

சர்க்கரை நோயாளிகள் இன்னும் கூடுதலாக எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். ஊசியால் குத்தாமலேயே இரத்தச் சர்க்கரையை அளப்பதாக விளம்பரம் செய்யப்படும் கடிகாரங்கள் இணையவழிக் கடைகளில் காணக்கிடைக்கின்றன. இவ்வாறு தாமாகவே சர்க்கரையை அளப்பதாகக் கூறும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் பயன்படுத்த வேண்டாம் என அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அத்தகைய கருவி எதற்கும் தான் ஒப்புதல் அளிக்கவில்லை என்றும் அது தெரிவித்தது. தவறான எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றுவது உயிருக்கே ஊறு விளைவிக்கும். தோலுக்கடியில் நுண்ணிய உணரியைப் பொருத்தி, அது அனுப்பும் அளவைக் கடிகாரத் திரையில் காண்பது வேறு முறை. அது மருத்துவரின் ஆலோசனையோடு செய்யப்படுவது.

விலை வேறு, செலவு வேறு

அன்று மாலை நாங்கள் எழுதிய தாளின் இரண்டாம் பக்கம் பணத்தைப் பற்றியது. நம் நாட்டுச் சந்தையில் 1,500 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய்க்குள் எண்ணற்ற கடிகாரங்கள் கிடைக்கின்றன. உயர்நிலைக் கடிகாரங்கள் சில பல்லாயிரங்களைத் தாண்டுகின்றன. இந்த விலைகளை அப்படியே ஒப்பிடுவதைவிட, எத்தனை மாதங்கள் அணியப்போகிறோம் என்பதால் வகுத்துப் பார்ப்பது உண்மையைக் காட்டும்.

2,500 ரூபாய்க் கடிகாரம் பதினெட்டு மாதம் உழைத்தால் மாதத்திற்கு ஏறத்தாழ 139 ரூபாய் ஆகிறது. 24,000 ரூபாய்க் கடிகாரம் நான்காண்டுகள் உழைத்தால் மாதத்திற்கு 500 ரூபாய். முதல் கடிகாரத்தை மூன்று மாதம் மட்டும் அணிந்துவிட்டு இழுப்பறையில் போட்டுவிட்டாலோ, மாதத்திற்கு 833 ரூபாய் ஆகிவிடுகிறது! எங்கள் இழுப்பறையிலுள்ள ஒன்றின் கணக்கு அதுதான். குறைந்த விலை என்று எண்ணி நாங்கள் வாங்கியதே எங்களுக்கு மிகுந்த செலவு வைத்தது.

கணக்கில் சேர்க்க வேண்டிய வேறு சில செலவுகளும் உண்டு. லித்தியம் பேட்டரியின் திறன் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும். மலிவான கடிகாரங்கள் பலவற்றில் அதை மாற்றும் வசதியே இல்லை. கீறல் விழும் கண்ணாடி, அறுந்துபோகும் பட்டை, தனிப்பட்ட அமைப்புடைய சார்ஜ் கம்பி ஆகியவற்றுக்கும் அவ்வப்போது பணம் வேண்டும். திறன்பேசி அருகில் இல்லாமலே அழைப்புகளைப் பெறும் இ-சிம் வசதியுள்ள கடிகாரத்திற்குத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் தனி இணைப்பு தேவைப்படும். முழுமையான இயங்குதளம் கொண்ட கடிகாரங்கள் பலவற்றை ஓரிரு நாள்களுக்கு ஒருமுறை சார்ஜ் செய்தாக வேண்டும். உறக்கத்தை அளக்க விரும்புபவர் இரவில் அதை அணிந்திருக்க வேண்டும். அப்போது சார்ஜ் செய்வதற்குப் பகலில் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

வட்டியில்லாத் தவணையா, தொடர் வைப்பா?

மகள் சொன்ன வட்டியில்லாத் தவணையையும் கணக்கிட்டுப் பார்த்தோம். வட்டியே இல்லாத கடன் என்பது நடைமுறையில் இல்லை. 2013-ஆம் ஆண்டிலேயே பாரத ரிசர்வ் வங்கி இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. இத்தகைய திட்டங்களில் பொதுவாக, வட்டிக்கு ஈடான தொகையை விற்பனையாளர் தள்ளுபடியாகத் தருகிறார். கடன் கணக்கில் வட்டி இருந்துகொண்டே இருக்கிறது. அந்த வட்டியின் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு.

24,000 ரூபாயை மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு தவணைகளாகச் செலுத்துவதாகவும், வட்டி விகிதம் ஆண்டுக்கு 15 சதவீதம் எனவும் கொள்வோம். அதனுள் அடங்கியிருக்கும் வட்டி ஏறத்தாழ 1,840 ரூபாய். அதற்குரிய ஜிஎஸ்டி ஏறத்தாழ 330 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் என்றால் வரியோடு 235 ரூபாய். ஆக, வட்டியில்லை என்று சொல்லப்பட்ட தவணைக்கு ஏறத்தாழ 565 ரூபாய் கூடுதலாகிறது. முழுப்பணம் செலுத்துவோருக்குத் தனித் தள்ளுபடி இருந்தால் அதையும் இழக்கிறோம். ஒரு மாதம் கடன் அட்டைக்குரிய தொகையைச் செலுத்தத் தவறினால் நிலைமை மேலும் மோசமாகும். பல அட்டைகளில் நிலுவைக்கு மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் அளவில் வட்டி விதிக்கப்படுகிறது.

அதே 2,000 ரூபாயை மாதந்தோறும் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தினால் நிலைமை நேர்மாறாகிறது. ஆண்டு வட்டி 6.5 சதவீதம் என்று கொண்டால், பன்னிரண்டு மாத முடிவில் 24,000 ரூபாயோடு ஏறத்தாழ 840 ரூபாய் வட்டியும் சேர்ந்திருக்கும். இரு வழிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1,400 ரூபாய். ஓராண்டில் அதே மாதிரியின் விலை பெரும்பாலும் குறைந்தும் இருக்கும். அந்த ஓராண்டில் ஆசை தணிந்துபோனால் பணம் நம்மிடமே இருக்கும்.

மணிக்கட்டில் தெரியும் ஓடிபி

வங்கி வாடிக்கையாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. திறன்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகள் கடிகாரத் திரையிலும் தோன்றும். திறன்பேசி பூட்டப்பட்டுச் சட்டைப்பையில் இருந்தாலும், வங்கியிலிருந்து வந்த ஓடிபி எண் மணிக்கட்டில் ஒளிர்ந்துகொண்டிருக்கும். நெரிசல் மிக்க பேருந்திலோ மெட்ரோ ரயிலிலோ கைப்பிடியைப் பற்றி நிற்கும்போது, அருகில் இருப்பவர் அதை எளிதாகப் படிக்கலாம். கடிகாரத்தின் செயலியில் எந்தெந்த அறிவிப்புகள் வர வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க முடியும். குறுஞ்செய்தி, வங்கிச் செயலி, யுபிஐ செயலி ஆகியவற்றின் அறிவிப்புகளை நிறுத்திவைப்பது நலம்.

பணம் செலுத்தும் வசதியுள்ள கடிகாரம் என்றால் கூடுதல் விழிப்பு தேவை. தொட்டுச் செலுத்தும் முறையில் அட்டையின் மூலம் ஒருமுறைக்கு 5,000 ரூபாய் வரை ரகசிய எண் இல்லாமலே செலுத்தலாம் என்பது 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதி. ஆகவே கடிகாரத்திற்குத் திரைப்பூட்டு இட வேண்டும். தொட்டுச் செலுத்துவதற்கான வரம்பைக் குறைத்து அமைத்துக்கொள்ளலாம். கடிகாரம் தொலைந்தால், அட்டை தொலைந்தால் செய்வதைப் போலவே உடனடியாக வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடிகாரத்தை இணைப்பதற்கான செயலியை, பெட்டியில் அச்சிட்டுள்ள பெயரைச் சரிபார்த்து, அதிகாரப்பூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும். குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த இணைப்பின் வழியாக எதையும் நிறுவக் கூடாது. நாடித்துடிப்பை அளக்கும் செயலி நம் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் கேட்டால், ஏன் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்த பின்னரே அனுமதி தர வேண்டும். நம் உறக்கம், நடை, இதயத்துடிப்பு யாவும் நமக்கே உரிய தனிப்பட்ட தகவல்கள். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் தகவலை அழிக்கக் கோரவும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகைசெய்கிறது. பழைய கடிகாரத்தை விற்பதற்கோ பிறருக்குத் தருவதற்கோ முன், அதிலுள்ள தரவுகளை முற்றிலும் அழித்துவிட வேண்டும்.

யாருக்குப் பயன், யாருக்குச் சுமை?

இத்தனை எச்சரிக்கைகளையும் படித்தபின், ஸ்மார்ட் கடிகாரமே வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாக வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. சிலருக்கு அது நாள்தோறும் உதவும் கருவி.

ஏற்கெனவே ஓடுபவர்கள், மிதிவண்டி ஓட்டுபவர்கள், நீந்துபவர்கள் தங்கள் பயிற்சியைப் பதிவுசெய்துகொள்ள அது துணைபுரியும். கூட்டங்களிலோ இயந்திரங்களின் அருகிலோ பணிபுரிபவர்கள் திறன்பேசியை எடுக்காமலே முக்கியமான அழைப்பை அறியலாம். செவித்திறன் குறைந்தவர்களுக்கு மணிக்கட்டில் உண்டாகும் அதிர்வு பெரும் உதவி. வேளை தவறாமல் மாத்திரை உண்ண வேண்டியவர்களுக்கு நினைவூட்டல் பயன்படும். தனித்து வாழும் முதியவர்களுக்கு, கீழே விழுந்தால் உறவினரை அழைக்கும் வசதி ஆறுதல் தரும். ஆனால் அந்த வசதி பெரும்பாலும் விலை மிகுந்த கடிகாரங்களிலேயே உள்ளது. திறன்பேசி அருகில் இருந்தாலோ கடிகாரத்திலேயே இ-சிம் இருந்தாலோதான் அது அழைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

மறுபுறம், கடிகாரம் வாங்கினால் நடைப்பயிற்சி தானே தொடங்கிவிடும் என்று நம்பி வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். எங்கள் வீட்டு அனுபவமும் அதுவே. ஒவ்வோர் எண்ணையும் கண்டு கவலைகொள்ளும் இயல்புடையவர்களுக்கு அது அமைதியைக் குலைக்கும் பொருளாகவும் மாறலாம். நோயைக் கண்காணிப்பதே நோக்கமென்றால், இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் தரமான இரத்த அழுத்தமானி அதே விலையுள்ள கடிகாரத்தைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

இதைச் சோதித்தறியச் செலவில்லாத வழியொன்று இருக்கிறது. பெரும்பாலான திறன்பேசிகளிலேயே நடையை எண்ணும் வசதி உண்டு. முப்பது நாள்கள் திறன்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்து, ஒவ்வோர் இரவும் எண்ணிக்கையை ஒரு நாட்காட்டியில் குறித்து வாருங்கள். இருபது நாள்களுக்கு மேல் குறித்திருந்தால் கடிகாரம் உங்களுக்குப் பயன்படும். பத்து நாள்களுக்குள் நின்றுவிட்டால் அந்தப் பணத்திற்கு வேறு நல்ல செலவு இருக்கிறது.

கடைக்குச் செல்லுமுன்

வாங்குவதென்று முடிவுசெய்த பின் கவனிக்க வேண்டியவை சில.

• உங்கள் திறன்பேசிக்குப் பொருந்துமா? ஆப்பிள் கடிகாரத்திற்கு ஐபோன் வேண்டும். சாம்சங்கின் அண்மைக்காலக் கடிகாரங்கள் ஐபோனோடு இணையா.

• இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் 'ஆர்' எனத் தொடங்கும் பதிவெண்ணும் பெட்டியிலோ கருவியிலோ உள்ளனவா?

• ஜிபிஎஸ் கடிகாரத்திலேயே இருக்கிறதா, திறன்பேசியின் ஜிபிஎஸ்ஸைப் பயன்படுத்துகிறதா? ஓடச் செல்பவர்களுக்கு இவ்வேறுபாடு முக்கியம்.

• ஐபி68 என்றால் தூசியும் நன்னீரும் புகாமல் காக்கும் என்று பொருள். வெந்நீர், சோப்பு, கடல்நீர் ஆகியவற்றுக்கு அது உறுதியளிப்பதில்லை. நீந்துபவர்களுக்குக் குறைந்தது 5 ஏடிஎம் அளவு வேண்டும்.

• உங்கள் ஊரில் பழுதுபார்க்கும் மையம் இருக்கிறதா? உத்தரவாதம் பேட்டரிக்கும் பொருந்துமா?

• ஜிஎஸ்டி எண்ணுடன் கூடிய பில்லைப் பெற்றுப் பாதுகாத்து வையுங்கள். குறையிருந்தும் விற்பனையாளர் ஏற்க மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

பழுதான கடிகாரத்தைக் குப்பையில் எறியாதீர்கள். அதனுள் இருக்கும் லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடியது. மின்னணுக் கழிவைப் பெறும் மையங்களிலேயே சேர்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் எடுத்த முடிவு

அன்று மாலை தாளின் கடைசிப் பக்கத்தில், ஒவ்வொருவரும் கடிகாரம் தமக்காகச் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை எழுத வேண்டும் என்று முடிவுசெய்தோம். இரண்டு வேலைகளை எழுதக் கூடாது என்பது நிபந்தனை.

எங்கள் மகள், திறன்பேசியை வீட்டில் வைத்துவிட்டு ஓடும்போது தூரத்தை அளக்க வேண்டும் என்று எழுதினாள். எட்டு மாதங்களாக வாரம் நான்கு நாள் ஓடிவருபவள் அவள். ஆகவே அந்தத் தேவை உண்மையானது. ஆனால் தவணை வேண்டாம் என்று பேசி முடித்தோம். அந்த வாரமே மாதம் 2,000 ரூபாய்க்குத் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினாள். இப்போது பத்தாவது தவணையைச் செலுத்திவிட்டாள். சென்ற வாரம் அவளே வந்து, தனக்குத் தேவையான ஜிபிஎஸ் 16,000 ரூபாய்க் கடிகாரத்திலேயே இருப்பதாகவும், மீதத்தைக் கணக்கிலேயே விட்டுவைக்கப் போவதாகவும் சொன்னாள்.

அப்பா தம் தாளில் எழுதியது எங்களுக்கு வியப்பளித்தது. இதயத்தைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. அவருக்குக் காது சற்று மந்தம். சிகிச்சைக்குப் பிறகு அவர் தனியே நடக்கச் செல்லும்போதெல்லாம் நாங்கள் அழைப்போம். மணி ஒலிப்பது அவருக்குக் கேட்காது. அவர் எடுக்காத ஒவ்வொரு முறையும் நாங்கள் பதறுவோம். நீங்கள் அழைப்பது எனக்குத் தெரிய வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார்.

முதலில் ஓர் இரத்த அழுத்தமானி வாங்கினோம். அதன்பின், நன்றாக அதிரக்கூடிய எளிய கடிகாரம் ஒன்றை 3,000 ரூபாய்க்குள் வாங்கினோம். அதிலிருந்த ஆக்சிஜன் அளவீடு, நடை இலக்கு, உறக்க மதிப்பெண் யாவற்றையும் நிறுத்திவைத்தோம். அழைப்பும் மாத்திரை நினைவூட்டலும் மட்டுமே இயங்குகின்றன. நெஞ்சில் இறுக்கம், மூச்சுத்திணறல், காரணமற்ற வியர்வை ஆகியவற்றில் எது தோன்றினாலும் எந்தத் திரையையும் பாராமல் 108-ஐயோ 112-ஐயோ அழைப்பது என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

இப்போதும் அப்பா காலையில் முதல் வேலையாக இடக்கைக் கடிகாரத்திற்குச் சாவி கொடுக்கிறார். பிறகு வலக்கைக் கடிகாரத்தைச் சார்ஜ் கம்பியிலிருந்து எடுத்து அணிந்துகொண்டு பூங்காவுக்குப் புறப்படுகிறார். ஏழரை மணியளவில் நாங்கள் அழைக்கிறோம். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுகிறார்.